ஒரு வீதியில் இரண்டு தேவாலயங்கள்

“கூடி வாழ்ந்தால் கோடி நன்மை” என்று கரும்பலகையில் எழுதி, அதுபற்றி இரண்டு பக்கத்துக்குக் குறையாமல் ஒரு கட்டுரை வரைக என மாணாக்கரைப் பணித்துவிட்டுக் கதிரையில் அமர்ந்திருப்பது ஆசிரியனுக்கு மிக எளிதான காரியம். இருபது ஆண்டுகளாக நான் அதனைச் செய்து வருகிறேன். பிள்ளைகளும் எறும்பையும் தேனீயையும் காகத்தையும் உதாரணங் காட்டி எழுதித் தருவார்கள். நானும் சிவப்பு மையாற் புள்ளியிட்டுக் கொடுப்பேன். ஆனால் அவர்களுள் ஒருவனாவது எழுந்து, “சேர், உங்கள் வீட்டார் யாருடன் கூடி வாழ்கிறார்கள்?” என்று கேட்டிருந்தால் நான் தலைகுனிந்திருப்பேன்.

எங்கள் வீட்டுக்கும் எங்கள் பெரிய பாட்டனார் வீட்டுக்கும் இடையில் ஓர் ஒழுங்கையும் இரண்டு வேலிகளுமே உண்டு. ஊர்ப் பிள்ளையார் கோயிலில் ஏழாந் திருவிழா இரு வீட்டாருக்கும் பொதுவான உபயம். 1979ஆம் ஆண்டுத் திருவிழாவிலே, பூசை முடிந்தபின் காளாஞ்சியை முதலில் யார் கையிற் கொடுப்பது என்பதில் என் பாட்டனாருக்கும் அவருடைய தமையனாருக்கும் மாறுபாடு உண்டாயிற்று. மூத்தவர் என்ற உரிமை ஒருவருக்கு. அவ்வருடச் செலவு முழுவதையும் ஏற்றவர் என்ற நியாயம் மற்றவருக்கு. வெற்றிலையும் பாக்கும் தேங்காயும் பழமும் வைத்த ஒரு தட்டம். அதன் பொருட்டு உடன்பிறந்தார் இருவர் நீதிமன்றம் ஏறினர். தீர்ப்பு வந்தது, தீர்வு வரவில்லை. அன்றுதொட்டுக் காலைப் பூசை ஒரு வீட்டாருக்கும் மாலைப் பூசை மற்ற வீட்டாருக்கும் எனத் திருவிழாவே இரண்டாகப் பிளந்தது. நல்லது கெட்டதற்கு ஒருவர் படலையை ஒருவர் திறப்பதில்லை. நான் பிறந்தது அதன்பின்னர். ஆகையால் அப்பகை எனக்கு வீட்டுக் காணியைப்போல ஒரு முதுசொமாகவே கிடைத்தது.

ஒரு கிடாரத்துக் கஞ்சி

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 30ஆந் திகதி இரவு, வலிகாமத்தார் அனைவரும் ஊரைவிட்டுப் புறப்பட்டபோது எனக்குப் பன்னிரண்டு வயது. மழையிலும் சேற்றிலும் நடந்து தென்மராட்சியை அடைந்து, ஈற்றில் ஒரு தேவாலயத்தின் மண்டபத்தில் ஒதுங்கினோம். அங்கே போதகர் ஒருவர் கொப்பியும் கையுமாக நின்று, குடும்பத் தலைவர் பெயரையும் ஆட்தொகையையும் மாத்திரம் எழுதிக்கொண்டார். என்ன சமயம், எந்தச் சபை என்று அவர் யாரையும் கேட்கவில்லை. கத்தோலிக்கக் கன்னியர் இருவர் பிள்ளைகளுக்குப் பால்மா கரைத்துக் கொடுத்தனர். அயலிலிருந்த கோயில் ஐயர் தம் வீட்டு அரிசியை ஒரு கடகத்தில் அனுப்பினார். மண்டபத்தின் பின்புறத்தில் ஒரு பெரிய கிடாரத்திற் கஞ்சி கொதித்தது.

விடிந்தபின்னரே மண்டபத்தின் தென்சுவர் ஓரமாக எங்கள் பெரிய பாட்டனாரும் அவர் குடும்பமும் இருப்பதைக் கண்டோம். நாங்கள் வடசுவர் ஓரம். இரு முதியவர்களும் ஒரே கிடாரத்துக் கஞ்சியை ஐந்து மாதம் குடித்தனர். ஒரு வார்த்தை பேசவில்லை. 1996இல் ஊர் திரும்பியபோது கோயிற் கோபுரத்திற் சன்னங்கள் பட்டிருந்தன. காளாஞ்சிப் பிணக்கு மாத்திரம் ஒரு கீறலும் இல்லாமல் எங்களுடன் திரும்பி வந்தது. மூன்றாண்டுகள் கழித்துப் பெரிய பாட்டனார் காலமானார். பறை மேளச் சத்தத்தை என் பாட்டனார் விறாந்தையில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து செல்லவில்லை. அன்றிரவு அவர் சாப்பிடவும் இல்லை.

இதனை முதலிற் சொல்லிவிடுகிறேன். ஏனெனில் இனி நான் சொல்லப்போவது கிறிஸ்தவ சபைகளின் பிரிவையும் ஒற்றுமையையும் பற்றியது. சைவன் ஒருவன் அதனை ஏன் இவ்வளவு கூர்ந்து நோக்கினான் என்று வாசகர் வியக்கக்கூடும். காரணம் இந்த ஒழுங்கையிலே தான் இருக்கிறது.

தரங்கம்பாடியில் ஒரு ஞாயிறு

என்னுடன் கற்பிக்கும் கணித ஆசிரியர் ஒருவர் தென்னிந்திய திருச்சபையைச் சேர்ந்தவர். சிதம்பரத்துக்கு எனக்கொரு நேர்த்தி இருந்தது. தரங்கம்பாடியைப் பார்க்கவேண்டும் என்று அவருக்கொரு ஆசை இருந்தது. காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பல் ஓடத் தொடங்கியதும் இருவரும் ஒருமித்துப் புறப்பட்டோம். நாகபட்டினத்திலிருந்து காரைக்கால் வழியாக வடக்கே சென்றால் தரங்கம்பாடி. சனிக்கிழமை மாலை போய்ச் சேர்ந்தோம்.

கடலோரத்தில் டென்மார்க்கு நாட்டவர் 1620இற் கட்டத் தொடங்கிய கோட்டை நிற்கிறது. அதற்கு அணித்தாக, பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயில். அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. நான் உள்ளே சென்று வழிபட்டு வரும்வரை நண்பர் என் செருப்புக்களைக் காவல் செய்துகொண்டு மணலில் நின்றார். “நாளைக்கு உங்கள் செருப்புக்கு நான் காவல்” என்றேன். “எங்கள் கோயிலுக்குச் செருப்போடும் வரலாம், மாஸ்ரர், ஆள் வந்தாற் போதும்” என்று சிரித்தார்.

நகர வாயிலால் நுழைந்தால் நேரே கடலை நோக்கிச் செல்லும் இராசவீதி. அவ்வொரு வீதியிலேயே இரண்டு பழைய தேவாலயங்கள் உள்ளன. ஒன்று 1701இல் டென்மார்க்குக் குடியேற்றத்தாருக்காக எழுந்த சீயோன் ஆலயம். மற்றது 1718இல் சீகன்பால்கு ஐயர் தமிழர்க்காகக் கட்டிய புதிய எருசலேம் ஆலயம். முதலில் இரண்டும் லூத்தரன் ஆலயங்களே. 1845இல் டென்மார்க்கு அரசு தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றபின், சீயோன் ஆலயம் ஆங்கிலத் திருச்சபையார் வசமாகி, பின்னர் தென்னிந்திய திருச்சபைக்கு உரியதாயிற்று. புதிய எருசலேம் இன்றும் தமிழ்ச் சுவிசேஷ லூத்தரன் திருச்சபையின் ஆலயம். ஒரு வீதி, ஒரு கடவுள், ஒரு மொழி, திருச்சபைகளோ இரண்டு. எனக்கு எங்கள் ஒழுங்கை நினைவுக்கு வந்தது.

ஞாயிறு காலை நண்பர் தம்முடைய சபையின் சீயோனுக்குச் செல்வார் என்று எண்ணியிருந்தேன். அவர் புதிய எருசலேமுக்கே என்னை அழைத்துச் சென்றார். சீகன்பால்கு 1719இல், தமது 36ஆவது வயதில் இறந்து, அவ்வாலயத்தினுள்ளேயே அடக்கம் பண்ணப்பட்டிருக்கிறார். 1706ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் இக்கரையில் வந்திறங்கி, மணலில் எழுதிப் பழகும் சிறு பிள்ளைகளோடு இருந்து அரிச்சுவடி கற்றவர் அவர். இரண்டாண்டுக்குள் கொன்றைவேந்தனையும் உலகநீதியையும் நீதிவெண்பாவையும் ஜேர்மன் மொழியில் ஆக்கினார். நம் தெய்வங்களைப் பற்றி அவர் எழுதிய பெருநூலை அவரை அனுப்பிய மேலிடத்தார் அச்சிட விரும்பவில்லை. அது 1867இலேதான் சென்னையில் அச்சேறியது. தம் சமயத்தைப் பரப்ப வந்தவர் பிறர் சமயத்தைப் பொறுமையாகக் கற்றமை, அவருடைய கொள்கையோடு மாறுபடும் எனக்கும் மதிப்பை உண்டாக்குகிறது.

ஆராதனை தொடங்கியது. குருவானவர் பலிபீடத்தை நோக்கி ஒரு வசனஞ் சொல்ல, சபையார் ஒருமித்துப் பதில் இசைத்தனர். லூத்தரன் வழிபாட்டில் இவ்வொழுங்கு முதன்மையானது. எங்கள் நாட்டு அமெரிக்க மிஷன் மரபில் வளர்ந்த நண்பர் அவ்விடங்களிற் புத்தகத்தைப் புரட்டித் தடுமாறினார். ஜேர்மன் இராகத்தில் அமைந்த ஞானப்பாட்டு வந்தது. அதிலும் அவருக்கு இடர்ப்பாடே. பின்னர் ஒரு கீர்த்தனை தொடங்கியதும் அவர் புத்தகத்தை மூடிவிட்டார். பல்லவி, அனுபல்லவி, சரணம் யாவும் மனப்பாடமாக வந்தன. அருகில் நின்ற அவ்வூர்க் கிழவி ஒருவர் அவரைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார்.

அது தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் மரபின் கொடை. 1774இற் பிறந்த சாஸ்திரியார் சுவார்ட்ஸ் ஐயரின் மாணாக்கர். சரபோசி மன்னருடன் ஒருங்கு கற்றவர். லூத்தரன் குருவிடம் வளர்ந்த அக்கவிஞரின் பாடல்களை மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வெப் ஐயர் சேகரித்து, 1853இற் பாட்டுப் புத்தகமாக வெளியிட்டார். அதன்பின் அவை எல்லாச் சபையாருக்கும் உரியனவாயின. கோட்பாட்டு நூல்கள் எழுப்பிய மதில்களைப் பாட்டுக்கள் ஓசையின்றிக் கடந்துவிட்டன.

திருவிருந்து வேளை வந்தபோது நண்பர் என்னைப் பார்த்து, “போய் வருகிறேன்” என்பதுபோலத் தலையசைத்துவிட்டு, லூத்தரன் மக்களோடு வரிசையிற் சென்று முழந்தாளிட்டார். நான் இருக்கையிலேயே இருந்தேன். அது எனக்கு உரியதன்று. ஆகவே எனக்கு மனக்குறையும் இல்லை. ஆயின், பிறிதொரு சபையைச் சேர்ந்தவருக்கு அவர்கள் மிகப் புனிதமெனக் கொண்டதிலே பங்கு கொடுத்ததைக் கண்டபோது, ஒரு வெற்றிலைத் தட்டம் என் கண்முன் வந்து நின்றது.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் கோயிற்பிள்ளையிடம், “இந்த வீதியிலேயே இரண்டு சபை இருக்கிறதே, இரு பகுதியாருக்கும் பிணக்கு இல்லையா?” என்று கேட்டேன். அவர் மணிக்கயிற்றைச் சுற்றி மாட்டிக்கொண்டே, “அங்கே மணி அடிச்சா இங்கே கேக்கும், இங்கே அடிச்சா அங்கே கேக்கும், ஐயா. என் பொண்ணை அந்தக் கோயில்காரர் வீட்டிலேதான் கொடுத்திருக்கேன். சம்பந்தி வீட்டோட என்ன பிணக்கு?” என்றார்.

பிணக்கு இல்லாமல் வந்த இணக்கமன்று

கோயிற்பிள்ளையின் சொல் இனிமையானது. ஆனால் அந்த இணக்கம் எளிதில் வந்ததன்று என்பதைச் சரித்திரங் கற்றவர் அறிவர். திரும்பி வந்தபின் நான் நூலகத்தில் இருந்து வாசித்தவற்றைச் சுருக்கிச் சொல்கிறேன்.

தொடக்கத்தில் ஒத்துழைப்பே மேலோங்கி நின்றது. அரசர் டென்மார்க்கைச் சேர்ந்தவர், குருமார் ஜேர்மானியர், அச்சு யந்திரத்தை அனுப்பியவர்களோ இலண்டனிலிருந்த ஆங்கிலத் திருச்சபையாரின் அறிவு விருத்திச் சங்கத்தார். யந்திரம் 1712இல் வந்தது. ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துக்கள் அடுத்த ஆண்டு வந்தன. 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகி நிறைவேறியது. பின்னர் சுவார்ட்ஸ் ஐயர் முதலிய லூத்தரன் குருமார் அவ்விலண்டன் சங்கத்தின் சம்பளத்திலேயே திருச்சிராப்பள்ளியிலும் தஞ்சையிலும் பணி செய்தனர். தம் திருச்சபையாரல்லாதார்க்கு ஆங்கிலேயர் பணங் கொடுத்தனர். தமக்குப் பணங் கொடுத்தவர்களின் செப நூலை லூத்தரன் குருமார் பயன்படுத்தினர். எவரும் பெரிதாகக் கலங்கவில்லை.

இந்த உறவு நம் யாழ்ப்பாணத்தையும் தொட்டது. சுவார்ட்ஸ் ஐயர் 1760இல் இங்கு வந்து சென்றார். அவரிடம் பயின்ற கிறிஸ்தியான் தாவீது இங்கே உபதேசியாராகப் பணி செய்து, 1824இற் கல்கத்தாவில் ஹீபர் அத்தியட்சர் கையால் ஆங்கிலத் திருச்சபையின் குருவாக அபிஷேகம் பெற்றார். லூத்தரன் குருவின் மாணாக்கர் ஆங்கிலத் திருச்சபையின் தமிழ்க் குருவானது அக்காலத்தில் வியப்பாகத் தோன்றவில்லை.

பின்னர் காற்று மாறிற்று. யார் யாருக்குக் குருப்பட்டம் கொடுக்கலாம் என்ற வினா எழுந்தது. ஆங்கிலத் திருச்சபையார், அத்தியட்சர் கையாற் பெறாத பட்டம் பட்டமன்று என்றனர். திருநெல்வேலியில் ஆங்கிலச் சங்கமொன்றின் கீழ் உழைத்த ஜேர்மானியரான இரேனியுஸ் ஐயர் அதனை ஏற்கவில்லை. 1835இல் அவர் விலக்கப்பட்டார். அவரைச் சார்ந்த சபைகளும் இரண்டுபட்டன. அவர் எழுதிய தமிழ் இலக்கணத்தையும் மொழிபெயர்ப்பையும் அறிந்தவர்கள், அந்தப் பிளவினால் யாருக்கு இலாபம் என்று வருந்தாதிருக்க முடியாது.

இதனினுங் கொடிய முடிச்சு சாதி. 1833இற் கல்கத்தா அத்தியட்சர் வில்சன், தேவாலயங்களிற் சாதி வேற்றுமை ஒழியவேண்டும் எனக் கட்டளையிட்டார். தஞ்சையிற் பலர் அதனை எதிர்த்தனர். நாம் மேலே போற்றிய சாஸ்திரியாரும் சாதி வழக்கத்தின் பக்கமே நின்றவர். 1840இன் பின் ஜேர்மனியின் லைப்சிக் மிஷன் குருமார் வந்து, சாதி விடயத்தில் மென்மையாக நடந்தபோது, ஆங்கிலத் திருச்சபையில் மனக்கசப்படைந்தோர் பலர் அவர்களிடஞ் சென்று சேர்ந்தனர். ஒரு சபை நீதியை நாட, மற்றச் சபை அதனை விரும்பாதார்க்குப் புகலிடமாயிற்று. பிரிவினையின் கேடு இதுதான்: அயல்வீடு வேறாயிருக்கும்போது நம் வீட்டுக் குற்றத்தைத் திருத்துவதும் கடினமாகிறது. கிறிஸ்தவரைச் சுட்டிக் குற்றங்கூற நமக்குத் தகுதியில்லை. 1968இல் இங்கே கோயிற் கதவு திறக்கவேண்டுமென்று மக்கள் போராடியதை நம் தந்தையர் கண்டார்கள். கதவுக்கு உள்ளே நின்றவர் யார், வெளியே நின்றவர் யார் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

கடவுளுக்கு ஒரு சொல்

தமிழாசிரியனாகிய எனக்கு மிகவுஞ் சுவையாயிருந்தது வேதாகமச் சரித்திரம். சீகன்பால்கு கடவுளைச் சருவேசுரன் என்றார். அவருக்குப்பின் வந்த பப்பிரிசியுஸ் ஐயர் பராபரன் என்றார். தாயுமான சுவாமிகளின் பராபரக்கண்ணியை அறிந்த சைவரின் காதுக்கு அது சொந்த வீட்டுச் சொல். இரேனியுஸ் தேவன் என்றார். யாழ்ப்பாணத்திலே வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பேர்சிவல் ஐயர், நம் ஆறுமுக நாவலரின் துணையோடு செய்து 1850இல் வெளிவந்த மொழிபெயர்ப்பும் தேவன் என்றே வழங்கிற்று. பின்னர் பல சபையாரும் கூடி, பவர் ஐயரைத் தலைவராகக் கொண்டு 1871இல் ஓர் ஐக்கிய மொழிபெயர்ப்பை நிறைவேற்றினர். லூத்தரன் சபையார் மாத்திரம் நெடுங்காலம் அதனை ஏற்கவில்லை. பப்பிரிசியுஸ் தந்த நூலை விட்டுப் பிரிய அவர்களுக்கு மனம் வரவில்லை.

அதனைப் பிடிவாதம் என்று நான் சொல்லமாட்டேன். தாய் செபித்த சொல்லிலே தானும் செபிக்க விரும்புவது மனித இயல்பு. ஆனால் 1995இல், கத்தோலிக்கரும் ஏனைய சபையாரும் பலர் கூடியுழைத்த பொது மொழிபெயர்ப்புத் திருவிவிலியம் என்னும் பெயருடன் வெளிவந்தது. அதிற் கடவுள் என்ற நம் எல்லோர்க்கும் பொதுவான சொல்லே ஆளப்பட்டிருக்கிறது. ஒரு சொல்லில் உடன்பட இருநூற்று எண்பது ஆண்டு சென்றது. எங்கள் வீட்டுச் சரக்கு அவ்வளவு பழையதன்றே என்று அதை வாசித்த இரவு ஆறுதலடைந்தேன்.

சேராமற் சேர்ந்தவர்கள்

முதல் உலகப் போரில் ஜேர்மன் குருமார் இந்தியாவை விட்டு வெளியேற்றப்பட்டனர். சுவீடன் தேசத்தார் வந்து அவர்களுடைய பணியைத் தாங்கினர். 1919 ஜனவரியில் தமிழ்ச் சுவிசேஷ லூத்தரன் திருச்சபை தனித்து நிறுவப்பட்டது. அதன் தலைவருக்குத் தரங்கம்பாடிப் பேராயர் என்பதே பட்டம். அப்பீடத்தில் அமர்ந்த முதல் இந்தியர், 1956இற் பொறுப்பேற்ற இராஜா மாணிக்கம் அவர்கள். அதற்கு முன் கீழ்நாட்டுத் திருச்சபைகளை ஒன்றோடொன்று தொடுக்கும் பொதுச் செயலாளராக இருந்தவர் அவர்.

அதே 1919ஆம் ஆண்டு மே மாதத்தில், அதே தரங்கம்பாடியில், அசரியா அத்தியட்சரும் சந்தியாகு ஐயரும் முன்னின்று கூட்டிய கூட்டத்தில், முப்பதுக்கு மேற்பட்ட குருமார், பெரும்பாலும் இந்தியர், கூடினர். மேனாட்டார் தம் நாட்டுச் சண்டையால் உண்டாக்கிய பிரிவுகளை நாம் ஏன் சுமக்கவேண்டும் என்பது அவர்கள் வினா. அங்கே எழுந்த அறிக்கை இருபத்தெட்டு ஆண்டுகளின் பின், 1947 செப்ரெம்பர் 27ஆந் திகதி, சென்னையிலே தென்னிந்திய திருச்சபையாகப் பலித்தது. ஆங்கிலத் திருச்சபையாரும் மெதடிஸ்தரும் ஐக்கிய திருச்சபையாரும் ஒன்றாயினர். யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் சபைகளும் அதன் ஆதீனமொன்றாய்ச் சேர்ந்தன. சபாபதி குலேந்திரன் அவர்கள் முதற் பேராயரானார். தமிழ் வேதாகமத்தின் வரலாற்றை எழுதியவரும், திருவருள் என்னும் பொருளைக் கிறிஸ்தவத்திலும் இந்து சமயத்திலும் ஒப்புநோக்கி ஆராய்ந்தவரும் அவரே. இலங்கையில் ஏனைய சபைகளையும் சேர்த்து ஒரே திருச்சபையாக்க எடுத்த முயற்சியோ 1970களின் தொடக்கத்தில் ஒரு வழக்கினால் தடைப்பட்டு நின்றது. வழக்கு என்ன செய்யும் என்பதை எங்கள் குடும்பத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஐக்கியத்துக்கு அழைப்பு எழுந்த ஊர் லூத்தரன் ஊர். ஐக்கியத்திற் சேராது நின்றவர்களும் லூத்தரன் சபையாரே. இதன் காரணத்தை அறிய முயன்றபோது ஒரு செய்தி கிடைத்தது. 1530இல் அவர்கள் வகுத்த அவுக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையிலே, திருச்சபை ஒன்றாயிருப்பதற்கு நற்செய்தியின் போதனையிலும் திருவருட் சாதனங்களிலும் உடன்பாடு இருந்தாற் போதும். மனிதர் வகுத்த சடங்குகள் எங்கும் ஒரே விதமாக இருக்கவேண்டியதில்லை என்னுங் கருத்து உள்ளது. ஆகையால் நிருவாகத்தில் ஒன்றாவது அவர்களுக்கு இன்றியமையாததாகத் தோன்றவில்லை. கோட்பாட்டில் தெளிவில்லாமல் ஒன்றாவது சரியாகவும் தோன்றவில்லை. அவர்கள் வெளியே நின்றனர். ஆனால் வெளியே நின்றவர்கள் வீட்டைப் பகைக்கவில்லை. 1969இல் மதுரை அரசரடியில் குருமாரைப் பயிற்றுவிக்கும் தமிழ்நாடு இறையியற் கல்லூரியைத் தென்னிந்திய திருச்சபையின் ஆதீனங்களும் லூத்தரன் திருச்சபைகளும் கூடியே நிறுவின. இரு சபைகளிலும் பிரசங்கிக்கப் போகும் இளைஞர் ஒரே வகுப்பில், ஒரே பந்தியில்.

உலக அரங்கிலும் அவ்வாறே. நற்செயலாலா, அருளாலா மனிதன் இறைவன்முன் நீதிமானாகிறான் என்ற வினாவே லூதர் காலத்தில் ஐரோப்பாவைப் பிளந்தது. 1999 ஒக்ரோபர் 31ஆந் திகதி அவுக்ஸ்பர்க் நகரிலே லூத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் அவ்விடயத்தில் ஓர் உடன்பாட்டு அறிக்கையிற் கைச்சாத்திட்டன. 2006இல் மெதடிஸ்தரும் அதில் இணைந்தனர். 2016 ஒக்ரோபர் 31ஆந் திகதி சுவீடனில் லூண்ட் நகரத் தேவாலயத்தில் பாப்பரசர் பிரான்சிசும் லூத்தரன் சம்மேளனத் தலைவர் யூனான் பேராயரும் அருகருகே நின்று செபித்தனர். அன்று வெளியிட்ட அறிக்கையிலே, வாழ்வை ஒன்றாய்ப் பகிரும் தம்பதியர் சபை வேற்றுமையாற் திருவிருந்தை ஒன்றாய்ப் பகிர முடியாதிருக்கும் வேதனையை அவர்கள் மறைக்கவில்லை. தீராததைத் தீர்ந்ததாகக் காட்டாமை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஒழுங்கையைக் கடந்தேன்

போதும் என்ற அச்சொல் என் உள்ளத்திற் பல நாள் நின்றது. இரண்டு வீடு ஒன்றாயிருப்பதற்கு எது போதும்? பிள்ளையார் ஒருவர், அதிற் பிணக்கில்லை. பாட்டன்மார் ஒரு வயிற்றிற் பிறந்தவர்கள், அதிலும் பிணக்கில்லை. காளாஞ்சி எந்தக் கையில் முதலில் வருகிறது என்பது மனிதர் வகுத்த முறை. அதனைத் தீர்த்தபின் கூடுவோம் என்று இரு வீட்டாரும் காத்திருந்தோம். அது தீரப்போவதில்லை. தீராமலே கூடமுடியுமா என்று ஒருவரும் முயன்று பார்க்கவில்லை.

சென்ற திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்னதாக, ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஒழுங்கையைக் கடந்து அந்தப் படலையைத் திறந்தேன். பெரிய பாட்டனாரின் பேரன், எனக்கு அண்ணர் முறையானவர், முற்றத்தில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அலவாங்கை ஊன்றியபடியே நின்றார். பாட்டனார் விறாந்தையில் இருந்து கேட்ட பறை மேளம் எனக்கு அப்போது கேட்டது.

“அண்ணை, ஏழாந் திருவிழா அன்னதானத்தை இந்த முறை இரண்டு வீட்டாரும் ஒரு அடுப்பில் வைத்தால் என்ன?” என்றேன்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “காளாஞ்சிக் கதை எடுக்கமாட்டாயே?” என்று கேட்டார்.

“அது அப்படியே இருக்கட்டும், அண்ணை. காலைப் பூசை உங்களுடையது, மாலை எங்களுடையது. சோறு மாத்திரம் பொது.”

“தென்மராட்சியிற் குடித்தோமே ஒரு கஞ்சி,” என்றார் அவர். மேலே சொல்லவில்லை. உள்ளே திரும்பி, “பிள்ளை, தம்பி வந்திருக்கிறான், தேத்தண்ணி போடு” என்று குரல் கொடுத்தார். தம்பி என்ற அச்சொல்லை அவ்வீட்டிலிருந்து நான் கேட்டது அதுவே முதல் தடவை.

ஏழாந் திருவிழாவன்று கோயில் மடத்தில் ஒரே அடுப்பிற் சோறு வெந்தது. அண்ணரின் மகன் அகப்பை பிடிக்க, என் மகள் வாழையிலை போட்டாள். பழைய கதையை அறிந்த கிழவர்கள் சிலர் தூணோடு சாய்ந்திருந்து பார்த்தனர். காளாஞ்சி அவ்வருடமும் காலையில் அவர்கள் கைக்கும் மாலையில் எங்கள் கைக்கும் தனித்தனியே வந்தது. அதில் ஒரு மாற்றமும் இல்லை. வருங்காலத்தில் மாறுமோ அறியேன். மாறாவிட்டாலும் இனி எங்கள் வீட்டில் ஒரு மரணம் நிகழ்ந்தால் அவர்கள் விறாந்தையில் இருக்கமாட்டார்கள் என்பதை அறிவேன்.

நண்பர் அன்றைக்கு அன்னதானத்துக்கு வந்திருந்தார். மடத்து வாயிலிற் செருப்பைக் கழற்றிவிட்டு, “இன்றைக்கு யார் காவல், மாஸ்ரர்?” என்று கேட்டார். நான் அண்ணரைக் கைகாட்டினேன்.